எதிர்ப்பு மொட்டை

ஏனுங்க, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்தப் பக்கமே போதும். காத்து நேரா அடிச்சா மண்டை சில்லுன்னு ஆயிருது. பழக்கம் இல்லைங்க பாருங்க. இன்னிக்குக் காத்தால வரைக்கும் இந்த மண்டையில காத்துப் பட்டதே கெடையாது.

ஆமாங்க, மொட்டைதான். இப்பத்தான் பழனியில எறக்குனது. சந்தனம்கூடக் காயலை. ஆனா ஒண்ணு மொதல்லயே சொல்லிர்றனுங்க. இந்த பஸ்ஸுல இன்னும் நாலஞ்சு மொட்டை தெரியுதே, அதுல ஒண்ணுன்னு என்னைய நெனச்சுராதீங்க. அதெல்லாம் வேண்டுதல் மொட்டை. இது எதிர்ப்பு மொட்டை.

நீங்க கேக்கலைதான். ஆனா பாக்கறீங்க. பாக்கறதும் கேக்கறதும் ஒண்ணுதானுங்க. கோயமுத்தூரு வரைக்கும் போறீங்கள்ல? அப்ப நேரம் இருக்குது, சொல்றேன்.

எனக்குப் பேரு சென்னியப்பன். கணபதியில மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கேன். எரிஞ்சுபோன பம்ப்செட் மோட்டாரக் கொண்டாந்து போட்டீங்கன்னா, காயில் சுத்தி ஓட வச்சுக் குடுத்துருவேன். தொழில்ல ஒரு கொறை சொல்ல முடியாது. முடியிலயும் ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கெல்லாம் முப்பது தாண்டறதுக்குள்ள முன்னந்தலை வெளிச்சமாயிரும். எனக்கு மட்டும் நாப்பதத் தாண்டியும் அப்படியே நின்னுது. சலூன்காரரே தொட்டுப் பாத்து, "என்னங்க போடறீங்க?"ன்னு கேப்பாரு. தேங்கா எண்ணெய்தான்னு சொன்னா நம்ப மாட்டாரு. அது கெடக்கட்டும், இந்தக் கதைக்கும் முடிக்கும் சம்பந்தமில்லை.

கதை ஒரு வீடியோ கேமப் பத்துனது. ஃபோன்ல சுட்டுட்டு இருப்பாங்களே, அது இல்லைங்க. ரோல் பிளேயிங் கேம்னு சொல்லுவாங்க. நாமளே உள்ள ஒரு ஆளா மாறி நடமாடறது. வாள் வாங்கலாம், ஊர் ஊராப் போலாம், பேயோட சண்டை போடலாம், வழியில பாக்கறவங்க கஷ்டத்தக் கேட்டுத் தீத்து வைக்கலாம். முடிக்கறதுக்கு மாசக்கணக்குல ஆகும். எங்க கேமுக்குப் பேரு மொராண்டியா, மொத்தம் மூணு பாகம்.

எங்கன்னா எனக்கும் கிருபாகரனுக்கும். பாலிடெக்னிக்ல என்கூடப் படிச்சவன். பீளமேட்டுல அவங்க வீடு. அவங்க தெருவுல மொதமொதல்ல கம்ப்யூட்டர் வாங்குனது அவங்க அப்பாதான். பையன் படிச்சு முன்னுக்கு வரட்டும்னு வாங்குனாரு. பையன் மொராண்டியாவுல நல்லா முன்னுக்கு வந்தான்.

அது பூரா இங்கிலீசுங்க. நாங்க ரெண்டு பேரும் தமிழ் மீடியம். ஆனா மனசு ஒன்றிப்போச்சுன்னா பாஷை எதுக்குங்க? மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுரும் என்ன பேசறாங்கன்னு. அதுல ஒரு தவளை வரும். ஆளு ஒசரத்துத் தவளை. சந்தையில உக்காந்து வாள், கேடயம், மருந்து எல்லாம் விக்கும். நாம எது வாங்குனாலும் ரெண்டு கையையும் கூப்பி, தலையக் குனிஞ்சு, "நோ ரீஃபண்ட்ஸ்"னு சொல்லும். எங்களுக்குப் பாத்த ஒடனே புரிஞ்சுபோச்சு. ஆசீர்வாதம் பண்ணுது. அந்த ஊரு பாஷையில 'நல்லா இரு'ன்னு அர்த்தம்.

அதுல இருந்து நாங்க பாத்துக்கிட்டாலும் பிரிஞ்சாலும் அதையேதான் சொல்லிக்கறது. பரீச்சைக்குப் போறதுக்கு முன்னால வாசல்ல நின்னு, "நோ ரீஃபண்ட்ஸ்டா கிருபா." "நோ ரீஃபண்ட்ஸ்டா சென்னி." அப்படியே கையக் கூப்பிக்குவோம். மத்த பசங்க ஒரு மாதிரிப் பாப்பாங்க. பாக்கட்டும்.

காதலும் உண்டுங்க. சிலாரான்னு ஒரு பொண்ணு. வில்லு வச்சிருக்கும். நம்ம ஆளு எப்பப் பாத்தாலும் அது முன்னால போயி நிப்பான். அது அவனை ஒரு முறை முறைச்சுட்டு, "யூ ஆர் இன் மை வே"ன்னு சொல்லும். 'என் வழியே நீதான்.' எப்பேர்ப்பட்ட வார்த்தை பாருங்க. அது சொல்றப்பல்லாம் கிருபா கண்ணத் தொடச்சுக்குவான். மூணு பாகத்துலயும் சொல்லுச்சு. ஒருக்காகூட மனசு மாறலை.

மூணாம் பாகத்தோட கடைசிதானுங்க எங்க வாழ்க்கையக் கெடுத்தது. ஏரிக்கு அடியில ஒரு கல் கதவு. நம்ம ஆளு அடிபட்டு, ஒதபட்டு, அந்தக் கதவுகிட்டப் போயி கைய வைக்கறான். கதவு லேசா அசையுது. திரை கருப்பாயிருச்சு. 'டு பி கன்டினியூட்'னு எழுத்து வந்துது. நாங்க கம்ப்யூட்டர் யோசிக்குதுன்னு நெனச்சுட்டு உக்காந்திருந்தோம். சாப்புட்டுட்டு வந்து பாத்தோம், அப்படியே இருந்துது. காலேஜ் போயிட்டு வந்து பாத்தோம், அப்படியே இருந்துது. அப்பறம் அவங்க அப்பா வந்து கரண்ட் பில்லப் பத்திப் பேசிட்டு அணைச்சுட்டாரு.

அதுக்குப் பின்னாலதான் தெரிஞ்சுது, அந்தக் கம்பெனியவே இழுத்து மூடிட்டாங்கன்னு. நாலாம் பாகம் கெடையாது. கதவு கதவாவே நின்னுபோச்சு.

அதுக்குப் பின்னால என்ன இருக்குதுங்கறதுதான் எங்களுக்குள்ள ஓயாத பேச்சு. மொதல் பாகத்துல வெள்ளத்துல போன நம்ம ஆளோட தம்பி உள்ள இருக்கான்னு நான் சொல்லுவேன். தம்பியும் இல்லை கிம்பியும் இல்லை, நெருப்பு கக்கற நாகம்தான்னு அவன் சொல்லுவான். "தம்பிப் பாசம்னா என்னன்னு உனக்குத் தெரியாதுடா, நீ ஒத்தப் பையன்"னு நான் சொல்லுவேன். "எனக்குத் தம்பி இல்லாததுக்கு நாகம் என்னடா பண்ணும்?"னு அவன் கேப்பான்.

டிப்ளமா பாஸ் ஆனதும் ரெண்டு பேரும் பழனிக்கு வந்தோம். படி ஏறி முடிச்சு சாமி முன்னால நிக்கறோம். கிருபா கண்ண மூடிட்டு சத்தமாவே சொல்லிட்டான்: "முருகா, நாலாம் பாகம் வரணும். வந்துதுன்னா நாங்க ரெண்டு பேரும் மொட்டை போடறோம்." 'நாங்க ரெண்டு பேரும்'னு சொல்லிட்டானுங்க! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. பக்கத்துல ஒரு பெரியம்மா நின்னுட்டு, "என்ன பாகம் கண்ணு, சொத்துப் பாகமா?"ன்னு விசாரிச்சாங்க. நானும் ஒண்ணும் சொல்லலை. வரவே போறதில்லை, போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்.

அப்பறம் கல்யாணம் காட்சின்னு ஆயிருச்சு. என்ற சம்சாரம் பூங்கொடி. இங்கிலீசு பி.ஏ. படிச்சவ. அவங்க அப்பா பேங்க்ல மேனேஜரா இருந்தவரு. பொண்ணு பாக்கப் போனப்பவே நான் மொராண்டியாவப் பத்தி வெளிப்படையாச் சொல்லிட்டேன். "அங்க உங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களா?"ன்னு என்ற மாமியா கேட்டாங்க. அந்த அளவுக்கு அக்கறையான குடும்பம்.

நிச்சயம் ஆனதுக்கு அப்பறம் ஃபோன்ல பேசறப்ப, எம்மனசுல இருந்தத ஒரே வரியில பூங்கொடிகிட்டச் சொன்னேன். "யூ ஆர் இன் மை வே"ன்னு. அவ கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசலைங்க. வெக்கம். அப்பறம், "சரிங்க, கொஞ்சம் ஒதுங்கிக்கறேன்"னு சொன்னா. என்ன அடக்கம் பாருங்க.

கல்யாணத்தன்னிக்கு கிருபா மேடையேறி வந்தான். எங்க ரெண்டு பேரு முன்னாலயும் கையக் கூப்பி, தலையக் குனிஞ்சு, மைக்கு பக்கத்துல இருக்கறது தெரியாம, "நோ ரீஃபண்ட்ஸ்"னு வாழ்த்துனான். மண்டபம் பூராக் கேட்டுது. என்ற மாமனாரு துண்டால வாயப் பொத்திட்டு ஓரமாப் போயி நின்னு குலுங்கிக் குலுங்கி அழுதாருங்க. பொண்ணக் கட்டிக் குடுக்கற தகப்பன் மனசு அப்படித்தானே இருக்கும். அதுக்கப்பறமும் எப்ப கிருபாவப் பாத்தாலும் அவரு கண்ணு கலங்கிரும்.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன வருசம் மழைக்காலத்துல ஒரு நாள் கிருபா ஃபோன் பண்றான். ஒரே அழுகை. யாருக்கு என்னாச்சோன்னு எனக்குப் பதறிப்போச்சு. "வருதுடா சென்னி. நாலாம் பாகம் வருதுடா"ங்கறான். வேற நாட்டுக் கம்பெனி ஒண்ணு அந்தப் பேர வாங்கிருச்சாம். ஒரு நிமிசப் படம் ஒண்ணும் போட்டிருந்தாங்க.

கடையிலயே நின்னு பாத்தேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அந்தப் பழைய பாட்டு வந்ததும் மறுக்கா மொதல்ல இருந்து போட்டுக் கேட்டேன். ஆனா பாத்து முடிச்சதும் மனசுக்குள்ள ஒரு கசப்பு. என்னன்னு சொல்றது? மரத்துல எல எலயா ஆடுது. எங்க மொராண்டியாவுல மரம்னா பச்சையா ஒரு கட்டம். அதுக்குப் பேருதான் மரம். தவளைக்குக் கோட்டு போட்டு விட்டிருக்காங்க. நம்ம ஆளுக்குத் தாடியக் காணோம். ஒரு ஆளோட அடையாளமே முடிதானுங்களே? அத எடுத்துட்டா அப்பறம் யாரு அவன்?

அன்னிக்குச் சாயங்காலம் பேக்கரியில உக்காந்து நான் தெளிவாச் சொல்லிட்டேன். "கிருபா, இது நாலாம் பாகம் இல்லை."

"பேர்லயே நாலுன்னு போட்டிருக்குதேடா."

"போட்டுட்டா ஆயிருமா? பண்ணுனவங்க வேற, கம்பெனி வேற. இது ஏதோ ஒரு புதுக் கேமு. நம்ம நாலாம் பாகம் இன்னும் வரலை."

கிருபா தேங்கா பன்னக் கீழ வச்சுட்டு என்னையவே பாத்தான். "உன்ற பிரச்சினை கேமு இல்லைடா. உனக்கு மொட்டை போடப் பயம்."

எனக்கு வந்துது பாருங்க கோவம்! கொள்கை பேசறவனப் பாத்து முடிய இழுக்கறான். அடுத்து வந்த தையில மச்சினன் கல்யாணம் வேற இருந்துது, ஃபோட்டோ எடுப்பாங்க, அது வேற விசயம். நான் சொல்றது கொள்கை. "இனி எங்கிட்டப் பேசாத"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். போறப்ப 'நோ ரீஃபண்ட்ஸ்'கூடச் சொல்லலை. அவனும் சொல்லலை. அப்படி ஒரு நாளு எங்களுக்கு அதுக்கு முன்னால வந்ததே இல்லைங்க.

அப்பறம் வாட்ஸப்ல 'அசல் மொராண்டியா'ன்னு ஒரு குரூப் ஆரம்பிச்சேன். உலகம் பூரா இதே சண்டைதான் நடந்துட்டு இருந்துது. எங்க குரூப்புல நானு, பிரேசில்ல இருந்து ஒருத்தரு, அப்பறம் கரூர்ல இருந்து ஒருத்தரு. கரூர்க்காரரு ஏதோ வீட்டுமனை விக்கறாங்கன்னு நெனச்சு சேந்தவரு. வெவரம் தெரிஞ்சும் போகலை. "நல்லாப் பேசறீங்க, இருக்கட்டும்"னு இருந்துட்டாரு. பிரேசில்க்காரருதான் எனக்குப் பெரிய பலம். அவரு பாஷையில எழுதுவாரு, ஃபோன் மாத்திக் குடுக்கும். "இந்தத் துரோகத்த நான் சாகற வரைக்கும் தொட மாட்டேன்"னு எழுதுனாரு. கேமு வந்த அன்னிக்கு அதோட டப்பாவக் கட்டிப் புடிச்சுட்டுப் படம் போட்டிருந்தாரு. கேட்டா, "மனம் பலவீனமானது, சகோதரா"ங்கறாரு.

நானும் வாங்குனேன். ஏன்னு கேளுங்க. கொறை சொல்றதுன்னா ஆதாரத்தோட சொல்லணும்ல? டிவியில மாட்டற அந்த கேம் பெட்டியையும் சேத்து வாங்குனேன். ஆராய்ச்சிக்கு.

போட்ட ஒடனே தெரிஞ்சுபோச்சுங்க, கதையவே மாத்திட்டாங்கன்னு. புதுசுல கீழ தமிழ்லயே எழுத்து ஓடுது. சந்தைக்குப் போயி வாள் வாங்குனேன். தவளை கையக் கூப்புச்சு. தலையக் குனிஞ்சுது. வாயத் தொறந்து அதே "நோ ரீஃபண்ட்ஸ்"தான் சொல்லுச்சு. ஆனா கீழ என்ன எழுத்து தெரியுங்களா? 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.'

ஏனுங்க, இது நியாயமா? ஆசீர்வாதம் பண்ற தவளைய ஜவுளிக்கடை போர்டு மாதிரி ஆக்கிட்டாங்களே!

பூங்கொடி பக்கத்துல உக்காந்து பூக் கட்டிட்டு இருந்தா. "ஏங்க, ஆரம்பத்துல இருந்தே அது இதைத்தான் சொல்லியிருக்குமோ?"ன்னு கேட்டா. அவளுக்கு என்னங்க தெரியும்? அவ அந்தக் காலத்துல வெளையாண்டாளா? இருந்தாலும் கோவப்படாம எடுத்துச் சொன்னேன். "அம்மிணி, உன்ற கல்யாணத்துல அதச் சொல்லித்தான கிருபா வாழ்த்துனான்? அப்ப அவன் என்ன சொன்னான்கறே?"

"அதுதாங்க எங்கப்பாவும் கேட்டுட்டே இருக்காரு"ன்னு சொல்லிட்டு, பூவ வச்சுட்டு உள்ள போயிட்டா. சமையக்கட்டுல இருந்து ரொம்ப நேரம் இருமுற மாதிரி சத்தம் வந்துது.

அடுத்தது சிலாரா. அதே முறைப்பு, அதே "யூ ஆர் இன் மை வே". கீழ எழுத்து: 'வழியை விடு.' மூணு பாகம் பூரா வளந்த காதலுங்க. ஒரே வரியில அடிச்சு நொறுக்கிட்டானுக. நான் கன்ட்ரோலரக் கீழ வச்சுட்டேன். இந்த அநியாயத்த இனித் தொட மாட்டேன்னு பூங்கொடிகிட்டச் சொல்லிட்டேன்.

"அப்ப நான் கொஞ்சம் வெளையாண்டு பாக்கட்டுங்களா?"ன்னு கேட்டா. பொட்டி சும்மாதான கெடக்குதுன்னு விட்டேன்.

அங்கதானுங்க தப்பாப் போச்சு. மத்தியானம் சாப்புட வந்தா, சோறு மூடி இருக்குது, இவ டிவி முன்னால உக்காந்து கோட்டையப் புடிச்சுட்டு இருக்கறா. "ரசம் அடுப்புல இருக்குது, ஊத்திக்குங்க, இங்க முற்றுகை நடக்குது"ங்கறா. நான் பாக்கறது இல்லைங்க. சாப்புடறப்ப கண்ணு அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான். "எடது பக்கம் போ, எடது பக்கம்! செவுத்துக்குப் பின்னால பெட்டி இருக்கும், ரெண்டாம் பாகத்துலயே இருந்துது!" அப்படின்னு ஒண்ணு ரெண்டு சொல்லுவேன். ஒரு தப்பு நடக்கறப்பப் பாத்துட்டு சும்மா இருக்க முடியாதுல்ல? அப்பறம் சாயங்காலமும் சீக்கிரமா வர ஆரம்பிச்சேன். கடையில வேலை கொறைவு. சிலாராவுக்கு அம்பு தீந்துபோன அன்னிக்கு மட்டும் கடைக்கே போகலை. உடம்பு செரியில்லை.

இதையெல்லாம் கிருபாகிட்டச் சொல்லணும்னு நாக்கு துடிக்கும். அந்த எல எலயா ஆடற மரம் இருக்குதே, அதுக்கடியில சிலாரா நிக்கறப்ப வெயில் விழும் பாருங்க... அத வேற யாருகிட்டங்க சொல்றது? கரூர்க்காரருகிட்டச் சொன்னேன். "மனை எத்தனை செண்ட்?"னு கேக்கறாரு.

போன வாரம் கடையில ஒரு விவசாயி மோட்டாரப் போட்டுட்டு உக்காந்திருக்காரு. பூங்கொடி ஃபோன் பண்றா. "ஏங்க, ஏரிக்கு அடியில வந்துட்டேன். கல் கதவு ஒண்ணு இருக்குது. இதுதான அது? தொறக்கட்டுங்களா?"

அந்த மனுசனோட மோட்டார அப்படியே போட்டுட்டு, கடைய அவரு பொறுப்புல விட்டுட்டு, வண்டிய எடுத்துட்டு வீட்டுக்குப் போனனுங்க. டிவியில கதவு நிக்குது. அதே கதவு. இப்பத்தான் நல்லாத் தெரியுது, பாசி புடிச்சு, ஓரத்துல தண்ணி கசிஞ்சு. பூங்கொடி கன்ட்ரோலர எங்கையில குடுத்தா. "நீங்களே தொறங்க. உங்க கதவு."

நான் அத அவ மடியிலயே திருப்பி வச்சுட்டேனுங்க. மோட்டார் ஜாம் ஆனா ஒரு சத்தம் வருமே, அது மாதிரி நெஞ்சுக்குள்ள. "வேண்டாம் அம்மிணி, அணைச்சுரு"ன்னேன்.

"ஏங்க? இத்தனை வருசமாக் காத்திருந்தது இதுக்குத்தான?"

"இது அந்தக் கதவு இல்லை"ன்னேன்.

அவ என்ற மூஞ்சிய நல்லாப் பாத்தா. "கிருபா அண்ணனக் கூப்புடட்டுங்களா?"ன்னு மெல்லமாக் கேட்டா. "அவன எதுக்குக் கூப்புடணும்? அவன் யாரு?"ன்னு கத்திட்டு, துண்டெடுத்துட்டுக் குளிக்கப் போயிட்டேன். காத்தாலதான் குளிச்சிருந்தேன். மறுக்காக் குளிச்சேன்.

இன்னிக்குக் காத்தால உடுமலையில பழைய மோட்டார் ஒண்ணு பாக்கணும்னு பூங்கொடிகிட்டச் சொல்லிட்டு பஸ் ஏறுனேன். உடுமலை வந்துது. எறங்கலை. நேராப் பழனி. முருகன்கிட்ட நேர்ல எடுத்துச் சொல்லிட்டு வந்துரலாம்னு ஒரு யோசனை. 'சாமி, வந்தது நாலாம் பாகம் மாதிரி ஒண்ணுதான், அசல் இல்லை, அதனால அந்த வேண்டுதல நிலுவையில வச்சுக்க'ன்னு. வெவரமாச் சொன்னா சாமிக்குப் புரியாதுங்களா?

அடிவாரத்துல முடி எறக்கற மண்டபத்தத் தாண்டித்தான் போகணும். சும்மா உள்ள எட்டிப் பாத்தேன். வரிசையா உக்காந்திருக்காங்க. அதுல ஒருத்தன், ஒரு பக்கம் வழுக்கை, ஒரு பக்கம் காடு, பாதித் தலையோட குனிஞ்சிருக்கான். காது பெருசா இருந்துது. எனக்கு அந்தக் காதத் தெரியும்.

"நீ எதுக்குடா இங்க வந்த?"ன்னு கேட்டுட்டேன்.

கிருபா கண்ண மட்டும் தூக்கிப் பாத்தான். "பாதித் தலையோட உக்காந்திருக்கறவனப் பாத்துக் கேக்கற கேள்வியாடா இது?"

"சாமி, தலைய ஆட்டாதீங்க, காது போயிரும்"னாரு மொட்டை அடிக்கறவரு.

கிருபா ஆடாம, வாய மட்டும் அசைச்சுக் கேட்டான். "கதவத் தொறந்துட்டியா?"

"இல்லை. நீ?"

"இல்லை. ஒரு வாரமா அது முன்னாலயே நிக்கறேன்."

"ஏன், தொறக்க வேண்டியதுதான? உன்ற நாகம் வந்து வரவேத்திருக்குமே."

கத்தி அவன் மண்டையில சரக்கு சரக்குன்னு போயிட்டு இருக்குது. அப்பறம் சொன்னான்: "அன்னிக்குக் கதவுல கைய வச்சப்ப நாம ரெண்டு பேரும்தானடா பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தோம். ஒத்தையாத் தொறந்து நாகமே வந்தாலும், 'பாத்தியா'ன்னு யாருகிட்டடா சொல்றது? உள்ள தம்பிதான்னாலும் போகுதுடா. நீ இல்லாம எனக்கு என்னத்துக்கு?"

அப்படியே அவன் பக்கத்துல கெடந்த பலகையில உக்காந்துட்டனுங்க. அங்க ஒரு மொட்டை அடிக்கறவரு சும்மா இருந்தாரு. நான் மொட்டைக்குத்தான் உக்காந்தேன்னு நெனச்சுட்டு, ஒரு சொம்புத் தண்ணிய மண்டையில ஊத்திட்டாரு. "இல்லைங்க, நான் சும்மா..."ன்னு சொல்றதுக்குள்ள உச்சியில ஒரு இழுப்பு. மடியில வந்து விழுந்துது பாருங்க ஒரு கத்தை. கரு கருன்னு. அவரே கைய நிறுத்திட்டு, "நல்ல முடிங்க"ன்னாரு. "தெரியுமுங்க"ன்னேன். அதுக்கு மேல எந்திரிச்சு எங்க போறது?

ஆனா எறக்கறப்பவே நான் சாமிகிட்டத் தெளிவாச் சொல்லிட்டேன். இது அவங்க தவளையக் கெடுத்ததுக்கும், காதலக் கெடுத்ததுக்கும் நான் காட்டற எதிர்ப்பு. வேண்டுதலுக்குப் போட்டதா எழுதிக்காதன்னு. கிருபா கேட்டுட்டுச் சிரிக்கறான். "முருகனுக்கு முடி வந்தாச் சரி, நீ என்ன பேரு வேணாலும் வச்சுக்கோ"ங்கறான். முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் பாத்தோம். கண்ணாடி இல்லாமயே தெரிஞ்சுபோச்சு எப்படி இருக்கறோம்னு. சிரிச்ச சிரிப்புல சந்தனம் பூசறவரு ரெண்டு தடவை பூச வேண்டியதாப் போச்சு.

அதோ, மூணாவது சீட்டுல பஞ்சாமிர்தப் பையை மடியில வச்சுட்டு, காது வெயில்ல செவப்பாத் தெரியுதே, அவன்தான் கிருபா. பக்கத்துல எடம் கெடைக்கலை. இப்ப நேரா எங்க வீட்டுக்குத்தான் போறோம். ரெண்டு பேரும் சேந்து உக்காந்து, ஆளுக்கொரு கைய கன்ட்ரோலர்ல வச்சு, ஒண்ணாத் தொறக்கறதுன்னு பேசிட்டோம். பூங்கொடிகிட்டயும் சொல்லியாச்சு, தொடாத அம்மிணி, பொள்ளாச்சி வந்ததும் ஃபோன் பண்றேன்னு.

ஒரு நிமிசமுங்க, ஃபோன் அடிக்குது. அவதான். சொல்லு அம்மிணி. பொள்ளாச்சி வரப்போறோம். என்னது? என்ன பண்ணுன? தொறந்துட்டியா?!

கிருபா! டேய் கிருபா! தொறந்துட்டாளாம்டா!

அம்மிணி, சொல்லாத! ஒரு வார்த்தை சொல்லாத! நிறுத்து! ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, இந்த ஃபோனக் கொஞ்சம் புடிங்க. நீங்க கேளுங்க. அவளுக்கு யாருகிட்டயாவது சொல்லியே ஆகணும், இல்லாட்டி நாங்க வாசல்ல செருப்பக் கழட்டறதுக்குள்ள கொட்டிருவா. உங்ககிட்டச் சொல்லிட்டான்னா கொஞ்சம் அடங்குவா. நான் காதப் பொத்திக்கறேன். டேய் கிருபா, நீயும் பொத்திக்க! பையக் கீழ வச்சுட்டுப் பொத்துடா!

முடிஞ்சுதுங்களா? குடுங்க.

என்னங்க இது. உங்க மூஞ்சி ஏனுங்க இப்படிப் போகுது? சிரிக்கறீங்களா? கண்ணுல வேற தண்ணி நிக்குது. நீங்க இந்தக் கேம வெளையாண்டதே இல்லைல்ல? அப்பறம் எதுக்குங்க? இல்லை, வேண்டாம். சொல்லாதீங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். என்ன இருக்குதுன்னு கேக்கலை. நல்லா இருக்குதுங்களா?

தலைய ஆட்டுனீங்களே, அது போதும். அதுக்கு மேல ஆட்டாதீங்க.

டேய் கிருபா, எந்திரிடா. பொள்ளாச்சி வந்துருச்சு, இங்கயே எறங்கிக்கலாம். ஏனா? இந்த அண்ணனுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுடா. கோயமுத்தூரு வரைக்கும் இவரு மூஞ்சியப் பாத்துட்டு வந்தோம்னா நாமளே கண்டுபுடிச்சுருவோம். பாக்காத! சொல்றேன்ல, திரும்பிப் பாக்காதடா, நேரா எறங்கு!

வர்றனுங்க. கோவிச்சுக்காதீங்க, அடுத்த பஸ்ஸுல வந்துக்கறோம். நல்ல மனுசன்தான் நீங்க. ஆனா மூஞ்சியில ஒண்ணும் நிக்க மாட்டேங்குதுங்க.